அண்ணன் கரையிறங்கிய வெள்ளிக்கிழமை

சொகுசுக் கப்பலில் உலகம் சுற்றுகிறவர்களுக்குச் சென்னையில் ஒரு பகல்தான் கிடைக்கும். காலையில் கப்பலைக் கட்டுவார்கள், மாலையில் அவிழ்த்துவிடுவார்கள். அதற்குள் நகரத்தைப் பார்த்து முடித்துவிட வேண்டும். இதற்காகப் பயணிகளுக்கு ஒரு மடிப்புத் தாள் கொடுக்கிறார்கள். அதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. ‘ஒரே நாளில் சென்னை’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு. ஒரு கோயில், ஒரு கடற்கரை, ஒரு பட்டுக்கடை, மாமல்லபுரத்துக்குக் குளிர்சாதனப் பேருந்து. எல்லாமே துறைமுகத்துக்குத் தெற்கே இருந்தன. வடக்கே பார்க்க எதுவும் இல்லை என்பதால், இடம் வீணாகாமல் இருக்க, திசை காட்டும் அம்பை அங்கே அச்சடித்திருந்தார்கள். அம்பின் நுனி ஏறக்குறைய எங்கள் தெருவில் குத்தி நின்றது.

எங்கள் தெரு ராயபுரத்தில் இருக்கிறது. மொட்டை மாடியில் ஏறினால் துறைமுகத்தில் நிற்கும் பெரிய கப்பல்களின் புகைபோக்கி தெரியும். அப்படிப்பட்ட ஒரு கப்பலில்தான் அண்ணன் வேலை பார்க்கிறான். அடித்தளத்தில், சலவைப் பகுதியில். எங்கெங்கோ போய்விட்டு அந்தக் கப்பல் முதல்முறையாகச் சென்னைக்கு வந்தது. ஒரு பகல் நிற்கும். அண்ணனுக்கும் அந்தப் பகல் கிடைத்தது.

பயணிகளின் திட்டத்தைக் கப்பல் கம்பெனி போட்டது. அண்ணனின் திட்டத்தை நான் போட்டேன். எங்கள் வீட்டில் திட்டம் போடும் வேலை என்னுடையது. நைனா துறைமுகத்தில் மூட்டை இறக்கி ஓய்வு பெற்றவர். அம்மா காசிமேட்டில் இறால் உரித்தவள். அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நான் பட்டம் வாங்கியவள். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் எனக்கு உண்டு. நைனா அதை லேமினேட் செய்து மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர் இரண்டையும் சேர்த்தே கும்பிடுவார்கள். நான் தடுப்பதில்லை.

அந்த ஆண்டு எனக்கு விசாகப்பட்டினத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. துறைமுக நிர்வாகம், இரண்டு ஆண்டு. ஈஸ்டருக்குள் சேருவதா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். அம்மா ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்.

“உங்கண்ணனுக்கு ஒரு பொண்ணு முடிவாவட்டும். வூட்டுக்கு ஒருத்தி வரப்போறானு தெரிஞ்சப்பால நீ எங்க வோணா போ. இல்லாங்காட்டி உனக்கு ஒருத்தனப் பாத்துடறேன்.”

இடம் கிடைத்த செய்தியை அண்ணனுக்கும் அனுப்பியிருந்தேன், கல்லூரிக் கடிதத்தைப் படம் எடுத்து. பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. அவன் எல்லாவற்றுக்கும் அதைத்தான் அனுப்புவான். பக்கத்து வீட்டுத் தாத்தா இறந்த செய்திக்கும் அதையே அனுப்பினான்.

ஆகவே அந்த ஒரு பகலில் அவனுக்குப் பெண் முடிவாக வேண்டும். திருவொற்றியூரில் ஒரு பெண்ணை அம்மா பார்த்து வைத்திருந்தாள். தொண்டியார்பேட்டையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். போட்டோ பிடித்துவிட்டது, ஆனால் பையனை நேரில் பார்க்காமல் பேச்சே இல்லை என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். காலையில் அண்ணன் வருவான், குளிப்பான், சாப்பிடுவான், முடி வெட்டிக்கொள்வான். பதினொன்றரைக்குப் பெண் வீட்டார் வருவார்கள். பேசுவார்கள். நாலு மணிக்குள் அவன் கப்பலுக்குத் திரும்புவான். திட்டத்தில் ஒரு குறையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்தது. கப்பல் வருவது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கறி ஆகாது. வெகுநாள் கழித்து வருகிற பிள்ளைக்குப் பிரியாணி போட முடியாது.

“வியாயக்கெயம வந்தா இன்னா, கப்பலு கோச்சிக்குமா?” என்றாள். பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கச் சொன்னாள்.

“கெயமய மாத்தச் சொல்லியா, கப்பல மாத்தச் சொல்லியா?” என்று நைனா கேட்டார்.

மீன் கறியில் சேராது என்பதால், கடைசியில் தவக்காலத்து ஒறுத்தலாக அன்று எங்கள் வீட்டில் வஞ்சிரம், நண்டு, இறால் மூன்றும் சமைக்கப்பட்டன.

காலையில் நானும் நைனாவும் துறைமுக வாசலில் நின்றோம். குளிர்சாதனப் பேருந்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தெற்கே திரும்பின. எல்லாம் போன பிறகு அண்ணன் நடந்து வந்தான். கூடவே இன்னொருவரும் வந்தார்.

“என் ரூம் தோஸ்து. பிலிப்பைன்ஸு. நான் கீழ் பெட்டு, அவரு மேல் பெட்டு,” என்றான் அண்ணன். “ஊரு பாக்கணுமாம். நீதான் இங்கிலீசு பேசுவியே, சுத்திக் காட்டு.”

பிலிப்பைன்ஸ்காரர் என் கையைக் குலுக்கிவிட்டு ‘ஒரே நாளில் சென்னை’ தாளை என்னிடம் நீட்டினார். பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்கிறவர் அவர். யாரோ விட்டுப்போன தாள். இரண்டு இடங்களில் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். யானை எங்கே பார்க்கலாம் என்று கேட்டார்.

யானைக்கவுனி என்று ஓர் இடம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே யானையும் இல்லை, கவுனி என்கிற கோட்டை வாசலும் இல்லை, மொத்தக் கடைகள்தான் இருக்கின்றன என்று விளக்கினேன். என் ஆங்கிலம் நன்றாகவே இருந்தது. அவர் முகம்தான் வாடிவிட்டது.

ஆட்டோவில் அண்ணனின் தலை என் தோளில் இரண்டு முறை விழுந்தது. “நைட்டு ஃபுல்லா டவல் மடிச்சேன்,” என்றான். “இன்னிக்கி லீவு வோணும்னா முன்னாடி நாளு ரெண்டு ஷிஃப்டும் சேத்துப் பாருன்னுட்டாங்க. அதுக்கு மின்னாடி நாளும் பெட்ஷீட்டு.” அதற்கு முந்தைய நாளைப் பற்றிச் சொல்வதற்குள் வீடு வந்துவிட்டது.

வாசலிலேயே அம்மா அவனைத் தடவிப் பார்த்தாள். கடலில் வேலை பார்க்கிறவன் கறுத்துப் போய் வருவான் என்று எதிர்பார்த்திருந்தாள்.

“இன்னாடா இப்டி வெளுத்துப் பூட்ட?”

“கீழ வெயிலே வராதும்மா. ஜன்னலே கெடையாது.”

“துணியோட சேத்து உன்னயும் போட்டுத் தொவைச்சிட்டாங்களா?”

பிலிப்பைன்ஸ்காரரை அம்மா ‘தம்பி’ என்று அழைத்து உட்கார வைத்தாள். அவர் மாதா படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். அம்மாவுக்கு அவர் மீது இருந்த சந்தேகம் எல்லாம் அப்போதே போய்விட்டது. வெள்ளிக்கிழமை தானும் கறி சாப்பிடுவதில்லை என்று அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தபோது, அவள் அவர் தட்டில் இரண்டாவது நண்டை வைத்தாள்.

அண்ணன் குளித்தான், சாப்பிட்டான். திட்டம் அதுவரை சரியாக நடந்தது. பிறகு, “அஞ்சு நிமிசம் சாய்ஞ்சிக்கறேன்,” என்று கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, பாயில் படுத்தான்.

எங்கள் வீட்டில் கூடம் ஒன்று, அடுப்படி ஒன்று, அவ்வளவுதான். மின்விசிறியும் ஒன்று. அவன் படுத்த பிறகு கூடத்தில் மிச்சமிருந்தது சுவரோரம் மட்டும்.

ஐந்து நிமிடம் கழித்து எழுப்பினேன். எழவில்லை. அம்மா எழுப்பினாள். நைனா முகத்தில் தண்ணீர் தெளித்தார். அண்ணன் அதைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் புரண்டான். நைனா மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார். வேர்த்தது, விழிப்பு வரவில்லை. காதருகே அவனுடைய போனையே அலறவிட்டேன். தெருவில் தண்ணி லாரி வந்து, குடத்துக்காக இரண்டு வீட்டார் சண்டை போட்டு, சமாதானமாகிப் போனார்கள். அவனுக்குத் தெரியாது.

“பாவம், தூங்கட்டும். அவங்க வந்தா எய்ந்துக்குவான்,” என்றார் நைனா.

பிலிப்பைன்ஸ்காரர் முடி கலையாமல், சட்டை கசங்காமல், ஊர் பார்க்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டார் வர இன்னும் நேரம் இருந்ததால் அவரை வெளியே அழைத்துப் போனேன். தாளில் வட்டம் போட்ட இடங்களுக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது. எங்கள் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். முழங்காலிட்டு வெகுநேரம் வேண்டினார். வெளியே வந்து கடலோரம் கொட்டியிருக்கும் கருங்கற்களைப் பார்த்தார். கடல் அவருக்குப் பார்த்துச் சலித்தது போலும், அதன் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, மதிலில் காய்ந்துகொண்டிருந்த வலைகளைப் படம் எடுத்தார். ஒரு கடையில் ரோஸ் மில்க் வாங்கித் தந்தேன். இது மிக அழகான நகரம் என்றார். அவர் அதுவரை பார்த்தது இரண்டு தெரு. மறுக்கவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணன் அப்படியே கிடந்தான். சும்மா இருக்கப் பிடிக்காமல் பிலிப்பைன்ஸ்காரர் எங்கள் குளியல் துண்டை வாங்கி, சுருட்டி, மடித்து, இழுத்து, ஒரு யானை செய்தார். பயணிகளின் கட்டில்மேல் தினமும் இப்படி ஒரு பிராணியைச் செய்து வைப்பதும் அவர் வேலையாம். அலமாரியின் மேல், மாதாவுக்கும் என் சான்றிதழுக்கும் கீழே, அம்மா அதை வைத்தாள். அன்று ராயபுரத்தில் பார்க்கக் கிடைத்த யானை அது ஒன்றுதான்.

பெண் வீட்டார் பதினொன்றரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பதினொன்றுக்கே வந்துவிட்டார்கள். பெண், பெண்ணின் அம்மா, தாய்மாமன். மாமன் எண்ணூர்ப் பக்கம் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், பேச்சும் ஹாரன் அடிப்பதுபோலத்தான் இருக்கும். அவர்தான் முதலில் உள்ளே வந்து, கால் வைக்க இடம் தேடி, கீழே பார்த்தார்.

“இது யாரு?”

“பையன்,” என்றாள் அம்மா.

“எல்லாரும் பொண்ணு பாக்கப் போவாங்க,” என்றார் மாமன் தன் அக்காவிடம். “நாம தூங்கறவனப் பாக்க வந்துகீறோம்.”

அம்மா அண்ணனை உலுக்கினாள். அவன் அவள் கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அவள் குனிந்தபடியே விருந்தினரை வரவேற்றாள்.

அவர்கள் சுவரோரமாக, அண்ணனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காப்பி டம்ளர்கள் அவன்மேல் வழியாகக் கைமாறின. பெண்ணின் அம்மா அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்து, “இன்னா இப்டி வெளுப்பா கீறாரு, உடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று கேட்டார். ஜன்னல் இல்லாத இடத்தில் வேலை என்று விளக்கினேன். எதற்கு ஜன்னல் இல்லை என்று மாமன் கேட்டார். தண்ணீருக்குக் கீழே இருப்பதால் என்றேன். யாருக்கும் அது நல்ல செய்தியாகப் படவில்லை.

பெண் ஒன்றும் கேட்கவில்லை. இரவுப் பணி முடித்து வீட்டுக்குப் போய்ப் புடவை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். கொட்டாவி வந்தபோது டம்ளரால் மறைத்துக்கொண்டாள். அண்ணனின் மார்பு ஏறி இறங்குவதைப் பழக்கப்பட்ட கண்ணால் பார்த்தாள். மூச்சு சரியாக இருந்தது போலும்.

மாமனின் பார்வை பிலிப்பைன்ஸ்காரர் பக்கம் திரும்பியது. “இவரு கூடவே கீறவரா? அப்ப இவரு கைல கேளும்மா, பையன் எப்டினு.”

கூடப் பிறந்தவள் நானே இருக்கிறேன் என்றேன்.

“நீ சொன்னா சாச்சி ஆவுமா? நீ மாப்ள வூட்டு ஆளு. அவரு சொல்லட்டும், நீ தமிய்ல சொல்லு. படிச்ச பொண்ணுதானே.”

படிச்ச பொண்ணு என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

“குடிப்பானா?”

கேட்டேன். சம்பள நாளில் ஒரு பீர், அதையும் முடிப்பதற்குள் தூங்கிவிடுவான், மீதியை நான்தான் குடிக்கிறேன் என்றார் பிலிப்பைன்ஸ்காரர். அப்படியே சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வஞ்சிரம் இன்னொரு முறை வறுபட்டிருக்கும். ஆனால் மாமன் தரையைப் பார்த்துவிட்டு, “நம்பலாம்,” என்றார்.

“வேற சகவாசம்? பொண்ணு கிண்ணு?”

ஊரார் படுத்த விரிப்புகளை எல்லாம் மடித்துவிட்டு வருகிறவன், தன் படுக்கையைக் கண்டதும் விழுந்துவிடுவான் என்று பதில் வந்தது. அதையும் சொன்னேன்.

“சரி. எப்ப ஊரோட வந்து செட்டில் ஆவான்? அதக் கேளு.”

பிலிப்பைன்ஸ்காரர் இந்தக் கேள்விக்குச் சிரித்துவிட்டார். நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு என்னைப் பார்த்துச் சொன்னார். இன்னும் இரண்டு ஒப்பந்தத்துக்கு அவன் கையெழுத்துப் போட்டுவிட்டானே. தங்கை பெரிய படிப்புக்குப் போகிறாள், அது முடியும்வரை கப்பல்தான், கல்யாணமெல்லாம் அப்புறம் என்றான். உன் கல்லூரிக் கடிதத்தைப் போனில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டினான். சலவைப் பகுதியில் உன்னைத் தெரியாதவர்கள் கிடையாது.

பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

“இன்னா சொல்றாரு?” என்றார் மாமன்.

இன்னும் கொஞ்சம் குடித்தேன். சொம்பு பெரியதுதான்.

அப்போது பெண் பேசினாள். நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே, பிலிப்பைன்ஸ்காரர் சொன்ன அத்தனையையும், வரிசை மாறாமல், தமிழில் சொன்னாள். பணி மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளியின் நிலையைச் சொல்கிற மாதிரி, கூட்டாமல் குறைக்காமல். அவளுக்கும் ஆங்கிலம் தெரியும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் யோசித்திருக்கவில்லை. ஆங்கிலம் தெரிந்தவள் என்று எங்கள் வீட்டில் அதுவரை ஒரே ஓர் ஆள்தான்.

அண்ணன் குறட்டை விட்டான்.

“உங்கைல சொன்னானாடி இத?” என்றாள் அம்மா.

“கட்ட விரல் அனுப்பினான்.”

“அதுல இவ்ளோ இருந்துச்சா?”

மாமன் எழுந்துவிட்டார். “அப்ப எங்கள இன்னாத்துக்கு வரச் சொன்னீங்க? பையனுக்கு இப்ப கல்யாணமே வோணாமாம். அவன் தூங்கினு கீறான், நாம சுத்தி குந்தி காப்பி குடிச்சினு கீறோம்.” பெண்ணின் அம்மாவும் பையை எடுத்துக்கொண்டார். மாமன் வாசலில் தன் செருப்பைக் காலால் தேடினார். ஒரு செருப்பு மாட்டியாகிவிட்டது. இன்னொன்றும் மாட்டினால் என் விசாகப்பட்டினமும் அவரோடு தெருவில் இறங்கிவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

பெண் எழவில்லை.

“இரு மாமா. தூங்கறவங்கள நான் தெனமும்தான் பாக்கறேன். முழிச்சிகினா எப்டினு பாக்காம எப்டி வோணாம்னு சொல்றது?”

“எய்ந்திரிக்க மாட்டான்மா,” என்றாள் அம்மா. “எல்லாம் பண்ணிப் பாத்துட்டோம்.”

பெண் அவன் தலைமாட்டில் மண்டியிட்டாள். தொடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. காதருகே குனிந்து இரண்டே வார்த்தை சொன்னாள்.

“ரிலீவர் வரல.”

அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். கண் திறப்பதற்கு முன்னாலேயே கை போய்த் தலையணை மேலிருந்த துண்டை எடுத்து நாலாக மடித்தது. “எந்த ஷிஃப்டு?” என்றான். பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

“அடுத்த ஷிஃப்டு ஆளு வரலன்னா எங்க டூட்டி ரூம்ல இப்டித்தான் எய்ப்புவாங்க,” என்றாள் பெண், அம்மாவிடம்.

அண்ணன் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். பக்கத்தில் மண்டியிட்டிருந்தவளைப் பார்த்தான். “நீங்க?”

“பொண்ணு,” என்றார் மாமன் ஒற்றைச் செருப்போடு. “நீ இப்பதான் பாக்கற. அது உன்ன அப்போலேந்து பாத்துகினு கீது.”

பேச வேண்டியது நிறைய இருந்தது. ஆனால் அதற்குள் மதியம் ஆகிவிட்டது. இரண்டாவது சாப்பாட்டை அம்மா கட்டாயப்படுத்தினாள். பெண் வீட்டாரும் சாப்பிட்டார்கள், மாமன் உட்பட. நண்டு அவரைக் கொஞ்சம் இளக்கியது. சாப்பிடும்போது அம்மா பெண்ணிடம், வூட்டப் பாத்துக்க ஒரு ஆளு வந்தா எனக்கு நிம்மதி என்று ஆரம்பித்தாள்.

“எனக்கு நைட் டூட்டி, அத்த. பகல்ல தூங்குவேன்,” என்றாள் பெண்.

அம்மா மகனைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள்.

“பொருத்தம் சோக்கா கீது,” என்றார் மாமன், நண்டின் காலை உடைத்துக்கொண்டே.

கப்பலுக்குப் போகும் நேரம் வந்தது. அம்மாக்கள் இருவரும் நைனாவும் வீட்டில் நின்றுகொண்டார்கள். அண்ணன், அவன் நண்பர், நான், பெண், மாமன் ஐந்து பேரும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். பெண் ஏன் ஏறினாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மேம்பாலத்தைத் தாண்டியதும் ஆட்டோ நின்றது. எதிரே கண்டெய்னர் லாரிகள். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் வரிசை அன்று எங்கள் பகுதி வரை நீண்டு, சாலையின் இரண்டு பக்கத்தையும் அடைத்திருந்தது. பிறந்ததிலிருந்து நான் திட்டிக்கொண்டிருக்கும் வரிசை அது. அதனால் தேர்வுக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன், வேலைக்கும் போயிருக்கிறேன். என் திட்டத்தில் அதற்கு இடம் ஒதுக்காமல் விட்டது, ராயபுரத்தில் வளர்ந்தவள் செய்யக் கூடாத தவறு. வெளியூர் விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் ஊர் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்துவிட்டேன் போல.

“எறங்கி நட,” என்றார் மாமன். “இது இப்ப நவுராது. நானே இதுல நாலு வேள சோறு துன்னுகீறேன்.”

லாரிகளுக்கு நடுவே ஒற்றை வரிசையாகத்தான் நடக்க முடியும். இருவராக நடக்க இடம் கிடைத்த இடங்களில் அண்ணனும் அந்தப் பெண்ணும் சேர்ந்து நடந்தார்கள். பின்னால் பிலிப்பைன்ஸ்காரர், அவருக்குப் பின்னால் நான், கடைசியில் மாமன். முன்னால் போகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க முயன்றேன். ஏர் ஹாரன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் கைகளை விரித்து, ஒன்றோடொன்று சேர்த்து, பாதியாக மடித்துக் காட்டினான். பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக எப்படி மடிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தான் என்பது புரிந்தது. கல்யாணப் பேச்சு பேச வேண்டிய நேரத்தில் விரிப்பு மடிக்கிறானே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் நின்று, அப்படி இல்லை என்று தலையசைத்து, வேறு மாதிரி மடித்துக் காட்டினாள். நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுகிறவள் அவள். அதற்குப் பிறகு அவன்தான் கேட்டுக்கொண்டு நடந்தான்.

லாரி ஓட்டுநர்களில் பாதிப் பேருக்கு மாமனைத் தெரிந்திருந்தது.

“இன்னா மாமு, வண்டிய வித்துட்டியா? நடந்து போற,” என்று ஒருவர் மேலிருந்து கேட்டார்.

“மருமவனக் கப்பல் ஏத்தி உடப் போறேன்,” என்றார் மாமன்.

நான் திரும்பிப் பார்த்தேன். “இன்னாம்மா, பாத்து நட. பள்ளம் கீது,” என்றார்.

துறைமுக வாசலில் கப்பல் ஊழியர்கள் அவசரமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். தெற்கேயிருந்து பேருந்துகள் பட்டுப் பைகளோடு திரும்பி வந்துகொண்டிருந்தன. பிலிப்பைன்ஸ்காரர் என்னிடம் போனைக் காட்டினார். வலைகள், ரோஸ் மில்க், லாரியின் பின்பக்கம், துண்டு யானை. பிறகு ஒரு படம்: நடுவில் அண்ணன் தூங்குகிறான், சுற்றிலும் நாங்கள் காப்பியோடு உட்கார்ந்திருக்கிறோம். இதைச் சலவைப் பகுதியில் ஒட்டப் போகிறேன் என்றார்.

“ரூட்டு போட்டுக் குடுத்தியே, எல்லாம் நடந்துச்சா?” என்று அண்ணன் என்னைக் கேட்டான்.

“முடி வெட்டல.”

“அடுத்த தபா,” என்றான். பெண்ணைப் பார்த்தான். கட்டைவிரலைக் காட்டினான். அவளும் காட்டினாள். உள்ளே போய்விட்டான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “ரெண்டு காண்ட்ராக்டு முடியட்டும்னு சொல்லிட்டேன். நானும் அதுக்குள்ள ஒரு கோர்ஸ் முடிக்கணும். சரின்னாரு. நீ போய்ப் படி.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா பகல்ல தூங்குவேன்னு சொன்னனே, அத உங்கம்மா கைல இன்னொரு தபா நீயே சொல்லிடு,” என்றாள்.

சொன்னேன். அன்று சாயங்காலம் கோயிலில் சிலுவைப் பாதை வழிபாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். “ஒருத்தன் வந்தா தூங்கறான். இன்னொருத்தி வந்தா தூங்குவாளாம். நீ மட்டும் இங்க முழிச்சிகினு இருந்து இன்னா பண்ணப் போற? போ. புள்ள கையெழுத்துப் போட்டுட்டு வந்துகீறான், அது வீணாவக் கூடாது.” துறைமுகத்திலிருந்து கப்பலின் சங்கு நீளமாக ஒலித்தது. நைனா மாடிக்குப் போனார், புகைபோக்கி மறையும்வரை நின்றுவிட்டு வந்தார்.

ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். அண்ணன் போனில் கலந்துகொண்டான். பாதியில் படம் அசையாமல் நின்றுவிட்டது, அவன் கண்கள் மூடியிருந்தன. சிக்னல் போய்விட்டதா தூங்கிவிட்டானா என்று யாருக்கும் தெரியவில்லை. மாமன் அந்தப் படத்துக்கே சந்தனம் வைத்தார்.

போன மாதம் அவன் கப்பல் விசாகப்பட்டினத்துக்கு வந்தது. ஒரு பகல். துறைமுக வாசலில் போய் நின்றேன். திட்டம் எதுவும் போடவில்லை. கடற்கரைச் சாலையில் மரத்தடியில் ஒரு சிமெண்டுப் பெஞ்சைக் காட்டினேன். “அஞ்சு நிமிசம்,” என்று படுத்தான். அவன் கால்மாட்டில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தேன். வெயில் நகர்ந்தபோது குடையை நகர்த்தினேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் நின்று, அவனைப் பார்த்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று தெலுங்கில் கேட்டார். எனக்கு அதற்குள் கொஞ்சம் தெலுங்கு வந்திருந்தது.

ஒன்றுமில்லை, கப்பலில் வந்தவர், ஊர் சுற்றிப் பார்க்கிறார் என்றேன்.